ஆய்வுப் பதிவேட்டில் நான் எழுதிய ஒரு வரி

தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையில் அங்கன்வாடிக் கோப்பையும் முதியோர் கோப்பையும் பார்க்கும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்.

மதிப்புக்குரியவர்களே, வணக்கம்.

அங்கன்வாடியில் 33 ஆண்டு வேலை பார்த்தவள் நான். முதலில் பணியாளர், பட்டப்படிப்பு இருந்ததால் பிறகு மேற்பார்வையாளர். 2016இல் ஓய்வு பெற்றேன். இப்போது வயது 67. சம்பள நிலுவை, பென்ஷன் என்று எதையும் கேட்டு இதை எழுதவில்லை. அந்த மனுக்கள் உங்கள் மேசையில் ஏற்கெனவே குவிந்திருக்கும். 1996இல் என் கையால் எழுதிய ஒரு வரியைப் பற்றி எழுதுகிறேன்.

மதுரைக்குக் கிழக்கே ஒரு கிராமம். ஓட்டுக் கட்டடம், முன்னால் ஒரு வேம்பு, ஒரே அறை, 27 பிள்ளைகள். ஆய்வுக்குப் போயிருந்தேன். எடைப் பதிவு சரி, சத்துமாவு இருப்பு சரி. மூலையில் ஒரு கிழவி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் மூன்று வயதுப் பையன் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். இன்னும் நாலு பிள்ளைகள் அவர் காலை ஒட்டிப் படுத்தபடி கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யாரு இது?" என்றேன்.

பணியாளருக்கு நாக்கு குழறியது. "பக்கத்து வீட்டு அப்பத்தாங்க மேடம். சும்மா வந்து ஒக்காரும். பிள்ளைக வெத்தல அப்பத்தான்னு கூப்புடும்."

பதிவேட்டை வாங்கி எழுதினேன்: "வெளியாட்களை மையத்திற்குள் அனுமதிக்கக் கூடாது." கீழே கையெழுத்து, தேதி.

விதிப்படி சரியான வரிதான். மறுநாளிலிருந்து வெத்தல அப்பத்தா வரவில்லை. மடியில் தூங்கிய பையனின் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருந்தார். அவன் சித்தப்பா வீட்டில் வளர்ந்தான். அடுத்த பத்து நாளும் உள்ளே வர மாட்டேனென்று வேம்படியில் நின்று அழுதானாம். அடுத்த மாதம் பணியாளர் இதைச் சொன்னபோது "பழகிடும் விடுங்க" என்றேன். பழகித்தான் போனான். எந்தப் பிள்ளையும் எதற்கும் பழகிவிடும். பழகிவிட்டது என்று பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று நாம் எழுதிக்கொள்கிறோம்.

அப்பத்தாவை ஏழெட்டு மாதம் கழித்து ஒரு முறை பார்த்தேன். மாட்டுக் கொட்டகைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. கோபமெல்லாம் இல்லை. "பெரிய டீச்சரு வரவேணாம்னுட்டாகள்ல, அதான் போறதில்ல. பிள்ளைகளுக்கு என்னய மறந்திருக்கும்" என்றார். அடுத்த ஆண்டு இறந்துபோனார். என் வரியால் இறந்தார் என்று சொல்லிக் கதையைக் கனமாக்க மாட்டேன். அவருக்கு 78 வயது, சர்க்கரையும் இருந்தது. ஆனால் காலையில் பத்து மணிக்குப் போய் உட்கார ஓர் இடம், தனக்காகக் காத்திருக்க நாலு பேர் என்று அவருக்கு இருந்த ஒன்றை எடுத்தது நான்தான்.

இதில் எனக்குக் குத்துவது என்னவென்றால், நான் படிக்காதவள் இல்லை. கல்லூரியில் மனையியல் படித்தவள். கருவறை முதல் முதுமை வரை மனித வளர்ச்சி பற்றி ஒரு தாள் முழுக்க உண்டு. குழந்தை, பள்ளிப் பருவம், விடலைப் பருவம் எல்லாம் விழுந்து விழுந்து படித்தோம். கடைசிப் பாடம் முதுமை. அதிலிருந்து ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றுதான் வரும், அதுவும் விருப்பக் கேள்வி. நாங்கள் யாரும் அதைத் திறக்கவே இல்லை. வேலைக்கு வந்த பிறகு எங்களுக்கு நடந்த பயிற்சிகளும் அப்படித்தான்: பிள்ளை ஆறு வயதைத் தொட்டதும் பாடம் முடிந்துவிடும். அந்த அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தது நான் படிக்காமல் விட்ட கடைசிப் பாடம். எனக்குத் தெரிந்த முதல் பாடமும் அதன் மடியில்தான் தூங்கிக்கொண்டிருந்தது.

ஓய்வுக்குப் பிறகு அந்தப் பாடத்தைப் படித்தேன். படித்ததையும் 33 ஆண்டு பார்த்ததையும் சேர்த்து வைத்துத்தான் உங்களிடம் ஒன்று கேட்க வந்திருக்கிறேன்: ஊர் முதியவர்களில் ஓரிருவரை அங்கன்வாடிக்குள் பிள்ளைகளோடு உட்கார விடுங்கள்.

கைக்குழந்தையிலிருந்து தொடங்குகிறேன். 1950களில் மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் உகாண்டாவில், கம்பாலா பக்கத்துக் கிராமங்களில், வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்தார். தவழும் பிள்ளை அம்மாவை விட்டு நகர்ந்து போகும், எதையாவது எடுத்துப் பார்க்கும், திரும்பி அம்மா இருக்கிறாளா என்று பார்க்கும், இருந்தால் இன்னும் கொஞ்ச தூரம் போகும். அம்மா முளைக்குச்சி மாதிரி; கயிறு மட்டும் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைகள் அம்மாவிடம் மட்டும் ஒட்டிக்கொள்ளவில்லை, வீட்டில் இருந்த மற்றவர்களிடமும் ஒட்டின என்பதையும் அவர் குறித்தார். நம் ஊரில் இதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. அம்மா களையெடுக்கப் போனால் அம்மாச்சி, அம்மாச்சி இல்லாவிட்டால் பெரியம்மா. பிள்ளைக்கு வேண்டியது நிலையாக இருக்கும் ஒன்றிரண்டு முகங்கள். மாறி மாறி வரும் இருபது கைகள் அதற்குப் பயன்படாது.

அந்த முகம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ருமேனியா காட்டியது. 1989இல் அங்கே சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி விழுந்தபோது, அரசு இல்லங்களில் பல்லாயிரம் பிள்ளைகள் கிடந்தது உலகத்துக்குத் தெரியவந்தது. சோறு உண்டு, துணி உண்டு, தூக்க ஆளில்லை. 2000ஐ ஒட்டி புகாரெஸ்ட் நகரில் ஓர் ஆய்வு தொடங்கியது. இல்லங்களிலிருந்து ஆறு மாதம் முதல் இரண்டரை வயது வரையிலான 136 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களிடம் கொடுத்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் பல வகையில் தேறினார்கள். அதிலும் ஏறக்குறைய இரண்டு வயதுக்கு முன்னால் போனவர்களுக்கு ஒட்டுறவு நன்றாகத் துளிர்த்தது. நம் அங்கன்வாடி அந்த இல்லம் அல்ல, நம் பிள்ளைகள் மாலையில் வீட்டுக்குப் போகிறார்கள். ஆனாலும் இரண்டு வயது என்பது நம் மையத்துக்குள் பிள்ளை முதன்முதலாகக் காலெடுத்து வைக்கும் வயது. அந்த முதல் வாரத்தில் அங்கே ஒரு பணியாளர், ஓர் ஆயா. ஆயாவுக்கு அடுப்படி. பணியாளருக்கு 25 பிள்ளைகள், பதிவேடுகள், இப்போது கைபேசிச் செயலி.

கைபேசி என்றதும் நினைவுக்கு வருகிறது. 1970களில் எட்வர்ட் ட்ரோனிக் என்பவர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். அம்மா கைக்குழந்தையோடு சிரித்து விளையாடுகிறாள். பிறகு இரண்டு மூன்று நிமிடம் மட்டும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பிள்ளை முதலில் சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், சத்தம் போடும், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுவிடும். ஒரு பெண் தலை குனிந்து கைபேசியில் பதிவு ஏற்றும்போது அவள் முகம் அந்தக் கல் முகம்தான். அவளைக் குறை சொல்லவில்லை, பதிவு ஏற்றாவிட்டால் கேள்வி வரும். பதிவு ஏற்றும் நேரத்தில் அந்த அறையில் ஓய்வாக இருக்கும் இன்னொரு முகம் வேண்டும் என்கிறேன். அவசரமே இல்லாத முகம் ஊரில் யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது மூன்று, நான்கு வயது. இங்கேதான் எனக்கு ரொம்ப நேரம் நிற்க ஆசை.

இந்த வயதுப் பிள்ளை ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கும். காக்கா வடை கதையை நாற்பதாவது முறை சொல்லும்போது "பாட்டி வடை சுட்டுச்சா" என்பதற்குப் பதில் "தோசை சுட்டுச்சா" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வந்துவிடும். நமக்கு அலுக்கும். பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே சொல் வருவதுதான் வேலை. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2011இல் வந்த ஆய்வு ஒன்று இதையே சொன்னது: மூன்று வயதுப் பிள்ளைகளில் வேறு வேறு கதை கேட்டவர்களைவிட, ஒரே கதையைப் பல முறை கேட்டவர்கள் அதில் வரும் புதுச் சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறவர்கள் யார்? வீட்டில் எல்லோரும் யாரைப் பார்த்து "இதையே எத்தனை தடவ சொல்லுவீங்க" என்று எரிந்து விழுகிறோம்? ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963இல் ஒரு கட்டுரை எழுதினார். முதியவர்கள் பழசையே பேசுவதை மூளைத் தளர்ச்சி என்று ஒதுக்காதீர்கள், வாழ்ந்ததைத் திரும்ப எடுத்துப் பார்த்து, கூட்டிக் கழித்து, ஒரு மாதிரி சமாதானமாகும் வேலை அது என்றார். அந்த வேலைக்குக் கேட்கிற காது ஒன்று வேண்டும். 40 வயது மகனுக்கு அந்தக் காது கிடையாது. அவன் மேல் தவறும் இல்லை. இஎம்ஐ, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், மேலதிகாரி. நான்கு வயதுப் பிள்ளைக்குத்தான் அந்தக் காது இருக்கிறது. சொன்னதையே சொல்ல வேண்டிய வயதும் கேட்டதையே கேட்க வேண்டிய வயதும் நம் ஊரில் ஒரே தெருவில் இருக்கின்றன. நடுவில் அங்கன்வாடிக் கம்பிக் கதவு.

இன்னொன்று. பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த ழான் பியாஜேயின் புகழ்பெற்ற தண்ணீர்ச் சோதனையை நான் மோரை வைத்துச் செய்து காட்டுவேன், புதுப் பணியாளர்களுக்குப் புரிய வேண்டுமே என்று. ஒரே அளவுள்ள இரண்டு டம்ளர் மோர். ஒன்றை ஒல்லியான உயரக் குவளையில் ஊற்றினால், நாலு வயதுப் பிள்ளை "இதுலதான் நெறைய" என்று உயரக் குவளையைக் காட்டும். கண் முன்னால்தானே ஊற்றினோம் என்றாலும் ஒப்பாது. ஏழு வயதுக்குப் பக்கத்தில் போனால்தான் அளவு மாறவில்லை என்று பிடிபடும். வெத்தல அப்பத்தாவின் மையத்தில், நான் அந்த வரியை எழுதும் முன்னால், ஒரு தடவை இதைச் செய்து காட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்ற ஒரு கிழவி சிரித்தபடி சொன்னார்: "இப்ப அவனுக்கு ஒசரந்தான் தெரியும். போகப் போக அகலமும் தெரியும்." எனக்கு ஒரு பாடம் முழுக்கப் படித்துப் புரிந்ததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். அது அப்பத்தாதானா என்று எனக்கு நிச்சயமில்லை. அவராக இருக்க வேண்டும் என்று மனது ஆசைப்படுகிறது, அவ்வளவுதான்.

பள்ளிப் பருவத்தை விட்டுவிடுகிறேன். அதற்கு வேறு துறை இருக்கிறது. விடலைப் பருவம் பற்றி ஒன்று மட்டும். வளரிளம் பெண்களுக்கு நம் மையங்களில் கூட்டம் போட்டு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்போம். 'நான் யார்' என்ற கேள்வி உள்ளுக்குள் கொதிக்கும் வயது. முன்யோசனைக்குப் பொறுப்பான மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழுசாக முதிர்கிறது. அம்மாவோடு எதற்கெடுத்தாலும் சண்டை. அந்தப் பெண்களில் பலர் பாட்டியிடம் மட்டும் பேசுவார்கள். ஏன் என்று ஒரு பெண்ணைக் கேட்டேன். "அப்பத்தா திருத்தாது மேடம்" என்றாள்.

நடுவயதில் இருப்பவர்கள் நம் பணியாளர்கள்தான். 45, 50 வயதுப் பெண்கள். காலையில் மாமியாரைக் குளிப்பாட்டிவிட்டு மையத்துக்கு வந்து 25 பிள்ளைகளைப் பார்த்து, மாலையில் பேரனை வாங்கிக்கொள்ளும் இருதலைக்கொள்ளி எறும்புகள். உளவியலாளர் எரிக் எரிக்சன் மனித வாழ்க்கையை எட்டுப் படிகளாகப் பிரித்தார், இந்த வயதைத்தான் அதில் ஏழாவதாக வைத்தார்: அடுத்த தலைமுறைக்கு எதையாவது ஆக்கிக் கொடுக்கும் படி, அது கிடைக்காவிட்டால் ஆள் தேங்கிப்போகிறார். இந்த எரிக்சன் நமக்கு ரொம்பத் தூரத்து மனிதர் இல்லை. மனித வாழ்க்கை வட்டம் பற்றிய கருத்தரங்குக்காக 1962இல் அகமதாபாதுக்கு வந்தவர், அங்கே காந்தியின் மேல் பிடிப்பு வந்து பிறகு அவரைப் பற்றியே பெரிதாக எழுதினார்.

வயதுக்குப் பெயர் வைப்பதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் ஐந்தாம் மாதத்தில் தலையசைத்து ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டும் சப்பாணி, ஓராண்டையொட்டித் தளர்நடை போடும் வாரானை என்று மாதக்கணக்கில் பிரித்துப் பார்த்தார்கள். நம் மையச் சுவரில் ஒட்டியிருக்கும் வளர்ச்சிப் படிநிலை அட்டையை அவர்களிடம் காட்டினால் நிறையத் தலையாட்டுவார்கள். உலா பாடியவர்கள் பெண்ணைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழாக்கினார்கள். ஏழாவது 40 வயதோடு முடிகிறது. அதற்கு மேல் பெயரில்லை. அது ஆண்கள் பார்வையில் போட்ட கணக்கு, அதனால் 40இல் நின்றுவிட்டது என்பது என் எண்ணம். ஆனால் நம் பதிவேடுகளும் ஏறக்குறைய அப்படித்தானே இருக்கின்றன? ஆறு மாதம் வரை, மூன்று வயது வரை, ஆறு வயது வரை, வளரிளம் பெண், கர்ப்பிணி, பாலூட்டும் தாய். அதற்குப் பிறகு வெற்றுத்தாள். பேரிளம்பெண்ணுக்கு அடுத்த பருவம் நேராக முதியோர் பென்ஷன்.

நான் தேர்வுக்குப் படிக்காமல் விட்ட அந்தக் கடைசிப் பாடம் என்ன சொல்கிறது? முதுமை என்பது எல்லாம் ஒரே சீராகச் சரிவது அல்ல என்கிறது. புதுக் கணக்கைச் சட்டென்று போடும் வேகம் குறைகிறது. சொல்வளம், பழகிய அறிவு, ஆளை எடைபோடும் கூர்மை நெடுநாள் நிற்கின்றன. கைபேசியில் ஓடிபி வந்து மறைவதற்குள் என்னால் தட்ட முடியாது. ஆனால் ஒரு பிள்ளை பசியில் அழுகிறதா, தூக்கத்தில் அழுகிறதா, வீட்டில் நேற்று ராத்திரி அடி விழுந்ததால் அழுகிறதா என்று இப்போது எனக்குத் தெரியும் அளவுக்கு 30 வயதில் தெரியாது. இன்னும் கொஞ்ச நாள்தான் என்று உள்ளுக்குள் தெரியத் தொடங்கியதும் மனிதர்கள் பழக்கவழக்கத்தைச் சுருக்கிக்கொண்டு, மனதுக்கு நெருங்கிய சிலரோடு மட்டும் இருக்க விரும்புகிறார்கள் என்று லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் காட்டியிருக்கிறார். கல்யாண வீட்டுக்கு வர மாட்டேன் என்கிற அப்பா, பேரன் பிறந்தநாளுக்கு மட்டும் முதல் ஆளாகச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பது அதனால்தான்.

எரிக்சனின் மனைவி ஜோன், தாமும் தொண்ணூறுகளில் இருந்தபோது, கணவர் போட்ட எட்டுப் படிகளுக்கு மேல் ஒன்பதாவது ஒன்று உண்டு என்று எழுதினார். 1997இல் அது அச்சில் வந்தது. முதல் வயதில் தீர்த்த கேள்விகள் எல்லாம் அங்கே திரும்ப வந்து நிற்கும் என்றார். அதில் முதல் கேள்வி நம்பிக்கை. தூக்குகிற கை கீழே போடாமல் இருக்குமா? கைக்குழந்தைக்கு இருந்த அதே கேள்வி. குளியலறைக்குக் கூட்டிப்போகும் மருமகளின் கையைப் பிடிக்கும்போது எனக்கே அந்தக் கேள்வி இப்போது வருகிறது. போன வருஷம் இடுப்பு எலும்பு முறிந்த பிறகு.

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். 1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இருவர் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்தது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறை, உங்கள் நேரம், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி, ஆளுக்கு ஒரு செடி கொடுத்து நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள் என்றார்கள். இன்னொரு மாடியில், எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அவர்கள் செடிக்குத் தாதியர் தண்ணீர் ஊற்றினார்கள். முதல் மாடிக்காரர்கள் தெளிவாகவும் சுறுசுறுப்பாகவும் இருந்தார்கள். சின்ன ஆய்வுதான், அதன் பிற்காலக் கணக்கில் குறை கண்டவர்களும் உண்டு. ஆனால் நான் பார்த்ததோடு அது ஒத்துப்போகிறது. பென்ஷன் வேண்டும், கண்டிப்பாக வேண்டும், தொகையும் கூட வேண்டும். அது "உங்களைப் பார்த்துக்கொள்கிறோம்" என்பது. செடியை யாரும் கொடுக்கவில்லை.

இது நடக்கிற காரியம்தானா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றுக்குள்ளேயே 1991 முதல் மழலையர் பள்ளி நடக்கிறது. பால்டிமோரில் 60 கடந்தவர்கள் வாரம் 15 மணி நேரம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் படிக்க உதவினார்கள். அவர்களுக்கு, இன்னும் என்னால் அடுத்தவருக்குக் கொடுக்க ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் கூடியதை அளந்து பார்த்தே சொன்னார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? 1982 ஜூலை 1இல் தொடங்கிய நம் சத்துணவுத் திட்டத்தில் 1983இலேயே முதியோர் உதவித்தொகை வாங்குபவர்களையும் சேர்த்தார்கள். மதியம் தூக்குச்சட்டியோடு தாத்தாக்களும் பாட்டிகளும் வரிசையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தனியாகச் சாப்பிடுவார்கள். அந்தச் சோற்றைப் பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லியிருந்தால் போதும், நான் கேட்பது அன்றைக்கே பாதி நடந்திருக்கும். ஆதரவற்ற முதியோரையும் ஆதரவற்ற குழந்தைகளையும் ஒரே வளாகத்தில் தங்கவைக்கும் ஒருங்கிணைந்த இல்லங்களையும் இந்த அரசு ஏற்படுத்தியிருக்கிறது. யாருமே இல்லாதவர்களுக்குப் பொருந்தும் என்று கண்ட யோசனை, ஊருக்குள் இருப்பவர்களுக்குப் பொருந்தாமல் போகாது.

மாநிலத்தில் 54,000க்கு மேல் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பிலேயே நூற்றுக்குப் பத்துப் பேர் 60 கடந்தவர்கள். இப்போது இன்னும் கூடியிருப்பார்கள். புதுக் கட்டடம் வேண்டாம். மையத்துக்கு இரண்டு பேர். காலை பத்து முதல் மதியச் சாப்பாடு வரை. கதை சொல்ல, பாட்டுப் பாட, அழும் பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ள. சம்பளம் வேண்டாம், பிள்ளைகளுக்குப் போடும் அதே சோறும் முட்டையும், அதே பந்தியில். பணியாளருக்கு இதற்கென்று இன்னொரு பதிவேடு தயவுசெய்து வேண்டாம். முதலில் ஒரே ஒரு வட்டாரத்தில் ஓராண்டு செய்து பாருங்கள்.

உங்கள் தயக்கம் எனக்குத் தெரியும், அந்த நாற்காலியில் நானும் இருந்தவள். பிள்ளைகளின் பாதுகாப்பு முதல் கேள்வி, அதில் சமரசமே கூடாது. வயதானவர் என்பதாலேயே ஒருவர் நல்லவராகிவிட மாட்டார். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனி அறையில் இருக்கக் கூடாது, பணியாளர் கண் முன்னால் மட்டும். ஊர்க்காரர்கள், பெற்றோர், பணியாளர் மூவரும் ஒப்பினால்தான் ஆளை எடுக்க வேண்டும், ஒருவர் வேண்டாமென்றாலும் வேண்டாம். சளி, காசநோய்ப் பரிசோதனை முடித்த பிறகே மடியில் பிள்ளை. பூச்சாண்டி காட்டுகிற, கிள்ளுகிற, கெட்ட வார்த்தை பேசுகிற தாத்தாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஆலமரத்தடியிலேயே இருக்கட்டும். மறதி நோய் முற்றியவர்களைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள விடுவதும் நியாயமில்லை, அவர்களுக்கு வேறு கவனிப்பு வேண்டும்.

இதைவிடச் சொல்லத் தயங்கும் ஒன்று சாதி. எந்தத் தெருக் கிழவி எந்தத் தெருப் பிள்ளையை மடியில் போடுவார்? சமையலர் யார் என்று பார்த்துப் பிள்ளையைச் சாப்பிட விடாத பெற்றோரை நானே சந்தித்துப் பேசிச் சமாளித்திருக்கிறேன். இரண்டு பேரில் ஒருவரேனும் காலனித் தெருவிலிருந்து வர வேண்டும் என்று ஆணையிலேயே எழுதுங்கள். "என்னய தொட மாட்டாக மேடம்" என்று ஒரு பாட்டி சொன்னால், அந்த ஊரில் தொடங்க வேண்டிய வேலை வேறு என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். எல்லாக் கிழவியும் மனம் மாறுவார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு யார் மடி என்ற கணக்கு இன்னும் வந்திருக்காது. அந்தக் கணக்கு வருவதற்கு முன்னால் எத்தனை மடி கிடைக்கிறதோ அத்தனையும் லாபம்.

வெற்றிலை? கிண்ணத்தில் துப்பச் சொல்லலாம், அல்லது மையத்துக்குள் மட்டும் வேண்டாம் என்று சொல்லலாம். வெத்தல அப்பத்தா ஒத்துக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன். நான் கேட்கவே இல்லை.

இப்போது என் வீட்டுக்கு எதிரே ஓர் அங்கன்வாடி. காலையில் திண்ணையில் நாற்காலி போட்டு உட்காருவேன். பத்தரைக்குப் பாட்டுச் சத்தம் வரும். கம்பிக் கதவருகே ஒரு பொடியன் தினமும் வந்து நின்று, "அப்பத்தா, சோறு தின்டியா?" என்று கேட்பான். தின்றேன் என்பேன். மறுபடி கேட்பான். மறுபடி சொல்வேன். ஏழெட்டுத் தடவை ஆன பிறகு பணியாளர் உள்ளே கூப்பிட்டுக்கொள்வார். அந்தப் பெண் விதிப்படி நடக்கிறார். உள்ளே வாங்க என்று என்னைக் கூப்பிட முடியாது. போய் உட்கார எனக்கும் வாய் வரவில்லை. ஆய்வுக்கு யாராவது வந்து பதிவேட்டை வாங்கிவிட்டால் அந்தப் பெண்ணுக்குத்தானே சங்கடம்.

கடைசியாகச் சின்ன கோரிக்கை ஒன்று. அந்தக் கிராமத்து மையத்தின் 1996ஆம் ஆண்டு ஆய்வுப் பதிவேடு கரையான் அரிக்காமல் எங்கேயாவது மூட்டையில் கட்டிக் கிடந்தால், அதை ஒரு நாள் என் கையில் கொடுங்கள். என் கையெழுத்துக்கு மேலே இருக்கும் வரியை ஒரு கோடு போட்டு அடித்து, நாமெல்லாம் பழகிய முறைப்படி, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டுத் திருப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி மேற்பார்வையாளர் ஒருத்தி